காலி டின்னும் கறுப்பு ஆயிலும்

மளிகை வியாபாரிகள் படிக்கும் இதழில் வண்டி ஆயிலைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று அன்பர்கள் நினைக்கக்கூடும். சில மாதங்களுக்கு முன்வரை நாமும் அப்படித்தான் நினைத்திருப்போம். வசூலுக்காகச் சிறுமலைக்கு ஒரு நடை போய் வந்ததில் அந்த நினைப்பு மாறிவிட்டது.

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் சாலையில் போய்ப் பிரிந்து, 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சிறுமலை. பழையூர், புதூர், அகஸ்தியர்புரம் என்று சின்னச் சின்னக் குடியிருப்புகள். அங்கே கடை வைத்திருப்பவர்களில் சிலர் நம் தகப்பனார் காலத்திலிருந்து நம்மிடம் சரக்கு எடுப்பவர்கள். அவர்களில் ஒருவருக்குக் கடையோடு கொஞ்சம் எலுமிச்சை, மிளகு, வாழைத் தோட்டமும் உண்டு. பாக்கியைப் பொங்கல் தாண்டி இழுக்காத நல்ல மனிதர். அவர் கடைப் பலகையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது கரண்டு போயிற்று. மலையில் மப்புப் போட்டால் சாயங்காலம் நான்கு மணிக்கே இருட்டுத்தான். ஓர் அம்மாள் வந்து நல்லெண்ணெய் ஒரு பாட்டில் கேட்டார். கடைப் பையன் குனிந்து, கீழ்த்தட்டில் கைவிட்டு, ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினான்.

"டேய், அது இல்லடா! மேல் தட்டு, மேல் தட்டு!" என்று கடைக்காரர் அலறிய அலறலில் நம் கையிலிருந்த கணக்குப் புத்தகம் கீழே விழுந்தது.

அது நாம் அனுப்பிய நல்லெண்ணெய்ப் பாட்டிலேதான். லேபிள்கூடக் கிழியவில்லை. உள்ளே இருந்ததோ அவருடைய லோடு வண்டியிலிருந்து இறக்கிய கழிவு ஆயில். வேலிக்கால், ஏணி, கொட்டகை மரம் இவற்றில் கரையான் ஏறாமல் பூசுவதற்குத் தோட்டக்காரர்கள் வாங்கிப் போகிறார்களாம். காலிப் பாட்டில் சும்மா கிடக்கிறது. ஆயிலும் சும்மா கிடக்கிறது. இரண்டையும் சேர்த்தால் நாலு காசு. வியாபாரி மூளை அப்படித்தான் வேலை செய்யும். அதைக் குற்றம் சொல்ல நமக்கே யோக்கியதை இல்லை என்பது பின்னால் தெரியவரும்.

"அண்ணாச்சி, மூடியைத் திறந்தா வாடையிலேயே தெரிஞ்சிடும்" என்று சிரித்தார். திறந்து முகர்ந்து பார்ப்பவருக்குத் தெரியும். கண் மங்கிய ஒரு பாட்டி, அடுப்படியில் பாதி இருந்த பாட்டிலில் இதைக் கொட்டி நிரப்பியிருந்தால்? இறங்கி வரும்போது 18 வளைவிலும் இதே யோசனைதான்.

நிற்க. இந்தச் சரக்கு நம் வீட்டுக்கும் கடைக்கும் எப்படி வந்து சேர்ந்தது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நம் சிறு வயதில் மண்டி வாசலில் மாட்டு வண்டிகள் நின்றன. அச்சுக்கு வண்டி மை போடுவார்கள். எஞ்சின் ஆயில் என்பது லாரி ஷெட்டோடு நின்ற விஷயம். பிறகு ஆளுக்கொரு இரு சக்கர வண்டி வந்தது. கடைக்கொரு லோடு வண்டி வந்தது. 2012-ஆம் ஆண்டு மின்வெட்டை யாரும் மறந்திருக்க முடியாது. அப்போது ஜெனரேட்டர் இல்லாத கடையே இல்லை என்றாகி, மெக்கானிக்கைக் கூப்பிட்டால் வரமாட்டான் என்பதால் ஆயில் மாற்ற நாமே கற்றுக்கொண்டோம். இரு சக்கர வண்டிக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு, சின்ன லோடு வண்டிக்கு மூன்று லிட்டர் அளவு, லாரிக்குப் பத்து லிட்டருக்கு மேல். இறக்கியதை என்ன செய்வது? மனசு வந்து கொட்ட மாட்டோம். ஏனென்றால் காசு கொடுத்து வாங்கியது.

அதனால்தான் இதற்கு இத்தனை உபயோகம் கண்டுபிடித்திருக்கிறோம். ஷட்டர் ஓடும் தண்டவாளத்துக்கு, சைக்கிள் செயினுக்கு, சென்ட்ரிங் பலகைக்கு, கதவு நிலைக்கு, கொசு வராமலிருக்கச் சாக்கடைக்கு, சொறி பிடித்த ஆட்டுக்கு, வாசலில் புழுதி அடங்க. ஆட்டுக்குப் பூசுபவர்கள் ஆடு தன்னைத்தானே நக்கும் என்பதை நினைப்பதில்லை. சாக்கடையில் ஊற்றினால் புழு மூச்சு முட்டிச் சாவது உண்மை. அடுத்த மழையில் அந்த ஆயில் எங்கே போகிறது என்பதும் உண்மை.

புது ஆயிலுக்கும் ஓடி முடிந்த ஆயிலுக்கும் நிறத்தில் மட்டும்தான் வித்தியாசம் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. எஞ்சினுக்குள் வெந்து வெந்து அதில் புகைக்கரி சேர்கிறது. தேய்ந்த இரும்பு, ஈயம், செம்பு, குரோமியம் ஆகியவற்றின் துகள்கள் சேர்கின்றன. எரியாத பெட்ரோலும் டீசலும் சேர்கின்றன. எரிபொருள் அரைகுறையாக எரிவதால் உண்டாகும், புற்றுநோய் தரக்கூடிய பொருள்களும் சேர்கின்றன. இது போதாதென்று, மெக்கானிக் ஷாப்பு டின்னில் பிரேக் ஆயில், கிரீஸ், பெயின்ட் கழுவிய தின்னர் எல்லாம் ஒன்றாக விழும். எந்த டின்னில் என்ன இருக்கிறது என்று ஊற்றியவனுக்கே தெரியாது. இதுதான் இந்தச் சரக்கின் முதல் ஆபத்து என்பது நம் கருத்து. சரக்கு இன்னதென்று தெரியாமல் நாம் ஒரு மூட்டை மிளகாய் வாங்குவோமா?

நாமே ஒரு முறை இதில் பட்டிருக்கிறோம். முப்பது ஆண்டுகளுக்கு முன் நம் கிடங்கில் மூட்டை அடுக்கும் கட்டைகளைக் கரையான் அரித்துவிட்டது. யாரோ சொன்னார்கள் என்று கழிவு ஆயிலை வாங்கி, கட்டை முழுதும் பூசி, நான்கு நாள் காயவைத்து, அதன்மேல் துவரம் பருப்பு மூட்டைகளை அடுக்கினோம். கரையான் வரவில்லை. ஆனால் கோடை வெயிலில் கட்டை கசிந்து, சாக்கு குடித்து, அடி வரிசைப் பருப்பில் வாடை ஏறிவிட்டது. நமக்குத் தெரியவில்லை, கிடங்கிலேயே இருப்பவனுக்கு மூக்கு மரத்துப் போகும். கல்யாண வீடு ஒன்றில் அண்டா சாம்பாரைக் கீழே ஊற்றினார்கள். அந்தச் சில்லரைக் கடைக்காரர் பணத்தைக் கேட்கவில்லை. "உங்க சரக்குன்னு நம்பித்தானே கொடுத்தேன்" என்றார். அடி வரிசை முழுவதையும் குழி தோண்டிப் புதைத்தோம். நஷ்டத்தின் தொகை மறந்துவிட்டது. அந்த வார்த்தை மறக்கவில்லை.

இது நம் ஒருவரின் முட்டாள்தனம் மட்டுமல்ல. சணலை மிருதுவாக்க ஆலைகளில் மண்ணிலிருந்து எடுக்கும் கனிம எண்ணெய் போடுவது பழைய வழக்கம். அந்த வாடையும் மிச்சமும் கோகோ, காப்பிக்கொட்டை போன்ற சரக்குகளில் ஏறுகிறது என்று வெளிநாட்டுக் கொள்முதலாளர்கள் மறுத்ததால், 1998-இல் சர்வதேச சணல் அமைப்பு உணவுப் பொருள் சாக்குக்கென்று தனித் தரம் வகுத்து, தாவர எண்ணெய் போட்ட சாக்காக இருக்கவேண்டும் என்றது. சாக்கில் இருக்கும் துளி எண்ணெய்க்கே உலகம் அப்படிக் கவலைப்பட்டது. நாமோ கட்டை முழுதும் பூசினோம்!

இனி வியாபாரிகள் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய ஒரு சம்பவம். 1959-ஆம் ஆண்டு மொராக்கோ நாட்டில் மெக்னஸ் என்ற ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் ஜனங்களுக்குத் திடீரென்று கால் விளங்காமல் போயிற்று. கை விரல் மடங்கவில்லை. குடும்பம் குடும்பமாக வந்தார்கள். மொத்தம் சுமார் 10,000 பேர். முதலில் ஏதோ தொற்று நோய் என்று நினைத்தார்கள். விசாரித்ததில், வீடுகளில் வாங்கிய மலிவான சமையல் எண்ணெய் என்று தெரிந்தது. அமெரிக்க விமானப்படைத் தளம் ஒன்றில் மிச்சமான விமான எஞ்சின் ஆயிலை உபரிச் சரக்காக விற்றிருக்கிறார்கள். அதை வாங்கிய வியாபாரிகள் சிலர் சமையல் எண்ணெயோடு கலந்து விற்றிருக்கிறார்கள். அந்த ஆயிலில் தேய்மானம் தடுக்கச் சேர்க்கும் டிரை கிரெசில் பாஸ்பேட் என்ற மருந்து இருந்தது. அது நரம்பைக் கெடுக்கும். செஞ்சிலுவைச் சங்கங்கள் பல நாடுகளிலிருந்து ஆட்களை அனுப்பி, மாதக்கணக்கில் நடக்கப் பழக்கினார்கள். இத்தனைக்கும் அது எஞ்சினில் ஓடிய கழிவு ஆயில்கூட இல்லை. மிச்சமான நல்ல ஆயில்.

மொராக்கோ எங்கோ இருக்கிறது என்று சொல்ல வேண்டாம். 1988-இல் கல்கத்தாவில் பெஹாலா பகுதியில் இதே டிரை கிரெசில் பாஸ்பேட் கலந்த சமையல் எண்ணெயால் நூற்றுக்கணக்கானவர்கள் முடமானார்கள். நாம் அப்போது வியாபாரத்துக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பத்திரிகையில் படித்துவிட்டு, "வடக்கத்தியான் வேலை" என்று பேசிக்கொண்டது நினைவிருக்கிறது. 1998-இல் தில்லியில் கடுகெண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அது வேறு எண்ணெய், வேறு விஷம். ஆனால் ஒவ்வொரு முறையும் எண்ணெய் கைமாறியது நம்மைப் போன்ற ஒரு கடையின் வழியாகத்தான்.

இப்போது நம் யோக்கியதைக்கு வருவோம். எண்ணெய் டின் காலியானால் மாதம் ஒருமுறை காலி டின் வியாபாரி வந்து எடுத்துப் போவார். ஓட்டை உடைசல் இல்லாத டின்னுக்கு ஒரு விலை, நசுங்கியதற்கு ஒரு விலை. நல்ல டின்னாகவே கொடுத்து நல்ல விலையே வாங்கினோம். அது எங்கே போகிறது என்று இருபது ஆண்டுக்கு மேல் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. வீட்டில் தண்ணீர் பிடிக்க, பெயின்ட் கலக்க, ஒர்க்‌ஷாப்பில் கழிவு ஆயில் பிடிக்க என்று போயிருக்கும். அதுவரை பரவாயில்லை. ஆனால் போன டின் திரும்பி வராது என்று யார் உத்தரவாதம் கொடுத்தது?

திரும்பி வந்தது. வெளியூர் மில் ஒன்றிலிருந்து வந்த லோடில் ஒரு டின், மேலே புதுப் பெயின்ட், வாயில் புது ஈயப் பற்று. சில்லரைக்கு ஊற்றி முடித்துக் கவிழ்த்தபோது அடியில் கறுப்பாக ஒரு வளையம், தொட்டால் பிசுக்கு. முகர்ந்தால் சந்தேகமே இல்லை. அன்று ஊற்றியதையெல்லாம் வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கினோம். மில்காரர் "எங்கள் டின்னே அல்ல" என்று கைகழுவிவிட்டார். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். அது நாம் விற்ற டின்னாகக்கூட இருக்கலாம்! ஒரு முறை உபயோகித்த டின்னில் மறுபடி சமையல் எண்ணெய் அடைக்கக்கூடாது என்பது இன்று உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் விதி. விதி புத்தகத்தில் இருக்கிறது. டின் தெருவில் இருக்கிறது.

இது ஒருபுறமிருக்க, தண்ணீர் விஷயம் ஒன்று உண்டு. கடைப் பின்புறம் குழி தோண்டி ஊற்றிவிட்டால் யாருக்கும் தொல்லையில்லை என்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். ஒரு வண்டியில் ஒரு தடவை மாற்றிய ஆயில் பத்து லட்சம் காலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கப் போதும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் சொல்கிறது. நம் கணக்கில் ஏறத்தாழ 38 லட்சம் லிட்டர். கோடையில் நாம் காசு கொடுத்து வாங்கும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிக்கு முந்நூறு லாரிக்கு மேல்.

சிறுமலை வெறும் மலையல்ல. கீழே இருப்பவர்களுக்கு அது தண்ணீர்த் தொட்டி. சந்தானவர்த்தினியும் சாத்தையாறும் அங்கேதான் பிறக்கின்றன. மலைமேல் மண்ணில் ஊற்றியது மலைமேலேயே நிற்காது. கிணறு கெட்டால் என்ன ஆகும் என்பதை வேறு எந்த ஊருக்குச் சொன்னாலும் திண்டுக்கல்லுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோல் ஷாப்புக் கழிவால் சுற்றுப்புறக் கிணறுகள் உப்பேறியதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம். 1996-இல் உச்ச நீதிமன்றம், அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டம் உள்பட ஐந்து மாவட்டத் தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அபராதத்தைக் கட்டினார்கள். கிணற்றுத் தண்ணீர் அதனால் இனித்துவிடவில்லை. அன்று தோல்காரர்களை நாம் எவ்வளவு ஏசினோம்!

புழுதி அடங்க வாசலில் தெளிப்பவர்களுக்கும் ஒரு செய்தி. அமெரிக்காவில் மிசோரி மாநிலத்தில் 1970-களின் தொடக்கத்தில் கழிவு ஆயில் வியாபாரி ஒருவர், ரோட்டுப் புழுதிக்கும் குதிரை லாயங்களுக்கும் ஆயில் தெளித்துக் கொடுத்து வந்தார். ரசாயனத் தொழிற்சாலை ஒன்றின் கழிவும் அவருடைய டாங்கியில்தான் கலந்திருந்தது. அதில் டையாக்சின் என்ற கொடிய விஷம். முதலில் குருவிகள் செத்தன. பிறகு லாயத்துக் குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. தெருவெல்லாம் தெளித்த டைம்ஸ் பீச் என்ற ஊரை 1983-இல் அரசாங்கமே விலைக்கு வாங்கிக் காலி செய்தது. சுமார் 2,000 பேர் வாழ்ந்த ஊர் இன்று இல்லை. சிறுமலையில் இன்றும் வாழைத்தாரும் எலுமிச்சை மூட்டையும் குதிரை முதுகில்தான் ரோட்டுக்கு வருகின்றன. குதிரைக்காரர்கள் இதைப் படித்தால் கொட்டகையில் ஆயில் தெளிக்க மாட்டார்கள்.

சரி, என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். ஆயில் தேய்வதில்லை, அழுக்காகிறது, அவ்வளவுதான். முறையாக வடித்துச் சுத்தம் செய்தால் நூறு லிட்டரில் அறுபது லிட்டருக்குக் குறையாமல் நல்ல ஆயில் கிடைக்கும். ஆனால் அது ஆலையில் செய்யும் வேலை. வீட்டில் துணியில் வடிகட்டி மறுபடி ஊற்றுபவர்கள் எஞ்சினைக் கொல்கிறார்கள். அப்படி வடிகட்டியதை கம்பெனி டப்பாவில் அடைத்துப் புது ஆயில் என்று விற்கிறவர்கள் நம்மையும் சேர்த்துக் கொல்கிறார்கள். நம் உறுப்பினர்கள் பலர் கடையில் ஆயில் டப்பாவும் விற்பதால் இதைச் சொல்கிறோம். காலி டப்பாவில் ஓர் ஆணி அடித்துவிட்டு எறியுங்கள்.

கழிவு ஆயிலை மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பு ஆலைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று அபாயகரக் கழிவு விதிகள் சொல்லிப் பல ஆண்டுகள் ஆகின்றன. 2023-இல் அந்த விதிகளைத் திருத்தி, 2024 ஏப்ரல் 1 முதல் ஆயில் கம்பெனிகளே தாங்கள் விற்ற அளவில் ஒரு பங்கைக் கழிவாகத் திரட்டி மறுசுத்திகரிப்புக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று ஆக்கினார்கள். முதல் ஆண்டுக்கு 5 சதவீதம். வருஷா வருஷம் ஏறும். சேகரிக்கும் முகவர்களும் மத்திய வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆக, இனி நம்மிடம் இருக்கும் ஆயிலுக்குத் தேடி வர வேண்டியவர்கள் அவர்கள். ஆனால் மூன்று லிட்டருக்காக எந்த வண்டியும் சிறுமலை ஏறாது. இருநூறு லிட்டர் பேரல் நிரம்பியிருந்தால் வரும். பலகாரக் கடைகளிலும் ஓட்டல்களிலும் பொரித்த எண்ணெயை பயோடீசலுக்கு எடுத்துப்போக 2018-க்குப் பிறகு ஆள் வரவில்லையா? அதுபோலத்தான். (இரண்டையும் ஒரே கேனில் ஊற்றிவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும். இரண்டும் கெடும்.)

ஆகவே சங்கத்தின் முன் நாம் வைப்பது இது. கிடங்குத் தெருவில் கூரையுள்ள ஓரிடத்தில் ஒரு பேரல் வைப்போம். சாவி சங்கத்திடம் இருக்கட்டும். உறுப்பினர்கள் ஆயிலைத் தனிக் கேனில், மேலே பெரிய எழுத்தில் எழுதி, உணவுச் சரக்கு இல்லாத இடத்தில் வைத்திருந்து கொண்டுவந்து ஊற்றட்டும். பதிவு பெற்ற முகவரிடம் ரசீது வாங்கிக் கொடுப்போம். வருகிற காசு சங்கத்துக்கு. சிறுமலை, நத்தம் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு நம் சரக்கு வண்டி திரும்பி வரும்போது காலியாகத்தானே வருகிறது?

இரண்டாவது, காலி டின்னை வெட்டாமல் விற்பதில்லை என்று தீர்மானம் போட வேண்டும். வெட்டிய டின்னுக்குப் பழைய இரும்பு விலைதான் கிடைக்கும். முழு டின் விலை கிடைக்காது. மாதத்துக்கு நூறு டின் காலி செய்பவருக்கு இது சின்னத் தொகை அல்ல என்பதை அறிவோம். பொதுக்குழுவில் சத்தம் வரும் என்பதையும் அறிவோம். "நான் மட்டும் ஏன் வெட்ட வேண்டும், பக்கத்துக் கடைக்காரன் முழுசாக விற்கிறானே" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அதற்காகத்தான் தீர்மானம் என்கிறோம். தனித்தனியாகச் செய்தால் நாணயமானவனுக்கு மட்டும் நஷ்டம்.

நம் கிடங்கில் தகரம் வெட்டும் கத்தரி ஒன்று வாங்கியாயிற்று. காலி டின் வியாபாரி முதல் மாதம் கோபித்துக்கொண்டு வெறுங்கையோடு போனார். இரண்டாவது மாதம் வந்து எடை போட்டு எடுத்துப் போனார்.

சென்ற வாரம் சிறுமலையிலிருந்து எலுமிச்சை ஏற்றி வந்த வண்டியில் நமக்கு ஒரு கேன் வந்து சேர்ந்தது. மேலே சிவப்புப் பெயின்ட்டில் "வண்டி ஆயில், தொடாதே" என்று அந்தப் பையனின் கையெழுத்து. கூடவே ஒரு சீட்டு: கீழ்த்தட்டில் இருந்த பதினோரு பாட்டிலையும் இதில் ஊற்றிவிட்டதாகவும், பாக்கியைப் பொங்கலுக்குள் அனுப்புவதாகவும்.